அரங்கு சிறிது, ஆட்டம் பெரிது

திருக்குறளில் கல்லாமை என்னும் அதிகாரம் ஓர் ஆட்டத்தைக் காட்டித் தொடங்குகிறது. நிரம்பிய நூலறிவு இல்லாமல் அவையேறிப் பேசுபவன், கட்டம் வகுத்துக்கொள்ளாமல் வட்டு உருட்டி ஆடுபவனை ஒப்பான் என்பது அதன் கருத்து. அக்கட்டத்தை வள்ளுவர் ‘அரங்கு’ என்னும் சொல்லால் குறிக்கிறார். வகுப்பறையில் இக்குறளை நடத்தும்போது கல்வியின் இன்றியமையாமையை விளக்கிவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். உவமைக்குள் பொதிந்து கிடக்கும் ஆட்ட இலக்கணத்தை நாம் நின்று நோக்குவதில்லை. எல்லை வகுக்கப்படாத இடத்தில் ஆட்டம் பிறப்பதில்லை என்பதே அவ்விலக்கணம். கோடு கிழித்த பின்னரே காய்க்குப் பொருள் உண்டாகிறது.

இவ்வுண்மைக்குப் பழைய சான்றுகள் பல உள. ஆயினும் நம் காலத்துச் சான்று ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் கையடக்க ஆட்டப்பெட்டியே அது. விளையாட்டுப் பொருளைத் தமிழாசிரியர் ஆராய்வதா என்று ஐயுறுவோர், இக்கட்டுரையை முடிவுவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவாராக.

ஜொகூரில் மூன்று பலகைகள்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் வீடுகளில் பல்லாங்குழி இருந்தது. வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் 14 குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ காய்களாகும். நடுவில் கீல் வைத்து மடித்து எடுத்துச் செல்லத்தக்க பலகைகளும் உண்டு. அண்டை வீட்டு மலாய்க்காரரிடமோ சொங்காக் இருந்தது. அதிலும் குழிகள் இரு வரிசையாக அமையும். இரு முனைகளிலும் காய்களைச் சேர்த்து வைக்கும் பெருங்குழி இருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள் என்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

1990-களில் மூன்றாவது பலகை ஒன்று வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்பிய அண்ணன்மார் சிலர் கேம் பாயை வாங்கிவந்தனர். அதற்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்த ‘பிரிக் கேம்’ என்னும் பெட்டியை வாங்கினர். அதன்மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் சில ஆட்டங்களே வேகமும் படியும் மாறி மாறி வரும். எண் பெரிதானால் இன்பமும் பெரிதாகும் என்னும் மயக்கத்தை நாங்கள் முதன்முதலில் தெளிந்துகொண்டது அப்பெட்டியால்தான்.

வாடிய பொருளும் வாடாத எண்ணமும்

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பேய் யோகோய். 1980-இல் ‘கேம் அண்டு வாட்ச்’ என்னும் சிற்றாட்டப் பெட்டிகளை ஆக்கியவரும் அவரே. விரைவு இரயிலில் ஒருவர் கணக்குப்பொறியின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்குவதைக் கண்டதிலிருந்து அவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது என்பர். அவர் தம் கொள்கையை, வாடிய தொழில்நுட்பத்தைக் கொண்டு பக்கவாட்டில் சிந்தித்தல் என்று உரைத்தார். ‘வாடிய’ என்பதற்கு இங்கே பயனற்ற என்பது பொருளன்று. பலரும் கையாண்டு, அதன் இயல்பெல்லாம் தெரிந்து, விலையும் மலிந்துவிட்ட பொருள் என்பதே பொருளாகும். அத்தகைய பொருளைப் பிறர் எண்ணாத வழியில் பயன்படுத்துவதே அவர் நெறி.

ஆதலின் கேம் பாயில் வண்ணத்திரை இல்லை. பசுமை கலந்த திரையில் நான்கே சாயல்கள். அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளுமாக மொத்தம் 23,040 புள்ளிகள். இன்றைய கைப்பேசித் திரைகள் பலவற்றில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு என்பதை நினைத்தால் இதன் சிறுமை புலனாகும். பெட்டியின் பணி நினைவகம் 8 கிலோபைட்டு மட்டுமே. ஒரே காலத்தில் அசையக்கூடிய சிற்றுருவங்கள் 40. ஒரு கிடைக்கோட்டில் பத்துக்குமேல் தோன்றா.

அதே காலத்தில் அட்டாரி நிறுவனத்தின் லிங்க்ஸும் (1989) சேகா நிறுவனத்தின் கேம் கியரும் (1990) வண்ணத்திரையுடன், இருட்டிலும் ஒளிரும்படி வந்தன. எனினும் அவை ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தது. கேம் பாயும் அதன் பின்வந்த வண்ணப் பெட்டியும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் விற்றன. குறையென்று கருதப்பட்டதே ஈண்டு வலிமையாயிற்று.

டெட்ரிஸும் வெண்பாவும்

அப்பெட்டியோடு பல நாடுகளில் சேர்த்தே விற்கப்பட்ட ஆட்டம் டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில், சோவியத்து அறிவியற் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் இதனைப் படைத்தார். நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு பொருந்தச் சேர்த்து, சுழற்றினால் ஒன்றாகும் வடிவங்களை ஒன்றென எண்ணினால், ஏழு வடிவங்களே கிடைக்கும். அவ்வேழும் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். ஆடுவோர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். கேம் பாயில் இக்களம் அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 18 கட்டம். 144 புள்ளி உயரத்தை எட்டெட்டாகப் பகுத்தால் வரும் 18-தான் அது; திரையின் அளவே களத்தின் அளவாயிற்று.

யாப்புப் பயிற்றும் ஆசிரியர்க்கு இதனைக் கண்டவுடன் வெண்பா நினைவுக்கு வரும். வெண்பாவின் இடையே வரத்தக்கவை இயற்சீர் நான்கும் வெண்சீர் நான்குமாக எட்டு வாய்பாடுகளே. டெட்ரிஸில் காய் ஏழு. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்னும் தளை விதி, எந்தச் சீரை அடுத்து எது பொருந்தும் என்று வரையறுக்கிறது. டெட்ரிஸில் கீழே கிடக்கும் அடுக்கின் மேடுபள்ளம் அதே வேலையைச் செய்கிறது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாகவே முடியவேண்டும் என்பதைப் போல, நான்கு வரிசைகளை ஒருசேர நிறைக்க நெட்டைக் காய் ஒன்றாலேயே முடியும். அந்தக் காய்க்காகக் காத்திருந்து அடுக்கை உயரவிட்டு அழிந்தவர் பலர். மோனைக்காகக் காத்திருந்து பொருளை இழக்கும் மாணவர் செய்யுளை ஒப்பது அது.

இவ்வாட்டத்தில் முடிவான வெற்றி இல்லை. எதிரெதிராக வளைந்த இரு கோணற்காய்கள் மாறி மாறி ஓயாது வந்தால் எத்தகைய வல்லுநரும் தோற்றே தீர்வர் என்று 1997-இல் ஹைடி பர்கீல் என்னும் கணித அறிஞர் நிறுவினார். மேலும் கேம் பாய் டெட்ரிஸ் மதிப்பெண்ணைச் சேமித்து வைப்பதில்லை. பெட்டியை அணைத்தால் அன்றைய சாதனையும் அழியும். விடியலில் இட்டு மாலைக்குள் கலைந்துவிடும் வாசற்கோலம் போன்றது அது. மறுநாளும் கோலமிடும் கை சலிப்பதில்லை. 1993-இல் உருசிய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் இவ்வாட்டத்தை மீர் விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்.

கதையும் பண்டமாற்றும்

டெட்ரிஸ் யாப்பு எனின், 1993-இல் வந்த ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ காப்பியம் எனலாம். கப்பல் உடைந்து கோகோலிண்ட் என்னும் தீவில் ஒதுங்குகிறான் தலைவன். தீவின் மலையுச்சியில் உள்ள முட்டைக்குள் காற்றுமீன் உறங்குகிறது. எட்டு இசைக்கருவிகளைத் தேடிக்கொணர்ந்து அதனை எழுப்பினாலன்றி அவன் தீவை விட்டு நீங்க முடியாது. ஆனால் தீவும் அதன் மாந்தரும் அம்மீனின் கனவே. மீன் விழித்தால் அவர்களெல்லாம் மறைந்துபோவர். ஆட்டத்தில் வெல்வது, நட்புக்கொண்ட உலகை இழப்பதற்கு ஒப்பாகிறது. நான்கு சாயல் கொண்ட சிறு திரையில் இத்தகைய அவலச்சுவையைப் படைக்க முடிந்தது, காட்சியின் செல்வத்தால் அன்று, கதையின் கட்டுக்கோப்பால்.

1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் வேறொரு நுட்பம் உடையது. இதனைப் படைத்த சதோஷி தஜிரி, இளமையில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கத்தை ஆட்டமாக்கினார். சேர்க்கவேண்டிய உயிர்கள் 150. ஆட்டம் சிவப்பு, பச்சை என இரு வகையாக வந்தது. ஒன்றில் உள்ள சில உயிர்கள் மற்றொன்றில் இல்லை. சில உயிர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினாலன்றி அடுத்த வடிவத்தை எய்தா. ஆகவே இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து மாற்றிக்கொள்ளவேண்டும். நெய்தல் நிலத்து உப்பை மருதத்து நெல்லுக்கு மாற்றிய உமணர் வழக்கைப் பயிற்றும்போது இதனை எடுத்துக்காட்டினால் மாணவர் உடனே பிடித்துக்கொள்வர். தன்னிடம் இல்லாமை பிறரிடம் செல்லும் வழியாகிறது. குறைவே உறவுக்குக் காரணமாகிறது. ஆக்கம் முடிவுறும் வேளையில், பிழை திருத்தும் கருவிகளை நீக்கியதால் கேசட்டில் மிகச்சிறிது இடம் கிடைத்தது. அவ்விடத்தில் சிகேக்கி மொரிமோட்டோ என்பவர் 151-ஆம் உயிராகிய ‘மியூ’வை நுழைத்தார்.

ஏடும் மின்கலமும்

இனி, இவ்வாட்டங்களின் இன்றைய நிலையைக் காண்போம். கேம் பாயின் உற்பத்தி 2003-இல் நின்றது. போக்கிமான் போன்றவற்றின் கேசட்டுக்குள் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. ஆடியவர் பெயரும் சேர்த்த உயிர்களும் அம்மின்கலத்தின் வலிமையால் நினைவில் நிற்கின்றன. பதினைந்து இருபது ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். என் அண்ணன் தன் பெயரைப் பதித்து வைத்திருந்த கேசட் ஒன்றை அண்மையில் அலமாரியிலிருந்து எடுத்து இட்டுப் பார்த்தேன். ஆட்டம் தொடங்கிற்று, பெயர் இல்லை. அண்ணன் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றியிருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இது ஒரு வீட்டுத் துயரம் மட்டுமன்று. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த மின்னாட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று காணொளி ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023-இல் நடத்திய ஆய்வு காட்டியது. கேம் பாய்க் குடும்பத்தில் கிடைப்பவை நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. புகழ்பெற்ற சில ஆட்டங்கள் புதிய கருவிகளில் மறுபடியும் வெளிவந்துள்ளன. எஞ்சியவை பழைய கேசட்டுகளில் அடைந்து கிடக்கின்றன.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றை நாம் பெருமையோடு கூறுகிறோம். சிந்தாமணியும் இவ்வாட்டங்களும் ஒரே தரத்தன என்பது நம் கருத்தன்று. ஆனால் அழிவின் வழி ஒன்றே. ஒரு காலத்தார் எளியதென்று கருதிப் பரணில் எறிந்ததை மறு காலத்தார் தேடி அலைவர். செல்லுக்கு இரையான ஏட்டைப் போலவே ஆற்றல் இழந்த மின்கலமும் தன் உள்ளடக்கத்தை எவர்க்கும் சொல்லாமல் இழக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

வீட்டில் பழைய கேசட்டுகள் இருப்பின், மின்கலம் முற்றும் தீர்வதற்குமுன் உள்ளே பதிந்துள்ளதைப் படி எடுத்து, பின்னர்ப் புதியதைப் பொருத்தச் செய்க. கழற்றும்போதே பதிவு அழிந்துவிடுமாதலின் இவ்வரிசை மாறலாகாது. பற்றவைக்கத் தெரிந்தவர் கையால் செய்விப்பது நன்று.

வகுப்பில் செய்யத்தக்கதும் உண்டு. கைப்பேசி ஆட்டங்கள் பல இன்று இடையிடையே விளம்பரம் காட்டுகின்றன. அடுத்த படிக்குப் பணம் கேட்கின்றன. முடிவென்பதே இல்லாமல் நீள்கின்றன. அவற்றில் அரங்கு அழிந்துவிட்டது. விளையாடாதே என்று மாணவரைக் கடிவதனால் பயன் சிறிதே. இந்த ஆட்டத்தின் எல்லை எது, விதி எத்தனை, அவ்விதி உன்னை என்ன செய்யத் தூண்டுகிறது என்று கேட்பதனால் பயன் பெரிது. அவ்வாறு கேட்கப் பழகிய மாணவன், ஏழு சீரில் ஒரு பேருண்மையை அடக்கிய குறளைக் காணும்போது அதன் அருமையைத் தானே உணர்வான்.

பல்லாங்குழியில் 14 குழி. டெட்ரிஸில் ஏழு காய். குறளில் ஏழு சீர். அரங்கு சிறிதாக அமைந்ததனாலேயே இவற்றில் ஆட்டம் பெரிதாயிற்று.