கண்ணை வடிக்கும் சவ்வு

தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் கருவில் கண் ஒழுங்காக அமைவதும் கோணலாகிப் போவதும் இதன் கையில் இருக்கிறது.

பிறந்து சில நாட்களே ஆன சிசு. கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இருட்டறைக்குக் கொண்டுபோனாலும் விரிவதில்லை. சொட்டு மருந்துக்கும் மசிவதில்லை. கூடவே முகமும் கால்களும் வீங்குகின்றன. சிறுநீரைச் சோதித்தால் புரதம் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருப்பது தெரிகிறது. கண்ணில் ஒரு கோளாறு, சிறுநீரகத்தில் ஒரு கோளாறு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பியர்சன் நோய் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த அபூர்வ வியாதி 1963-லேயே பதிவு செய்யப்பட்டது. காரணம் தெரியவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2004-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் தலைமையிலான குழு அதைக் கண்டுபிடித்தது. லாமினின் என்ற புரதத்தின் ஒரு இழையை உருவாக்கும் ஜீனில் பழுது. கண்ணுக்குள்ளும் சிறுநீரக வடிகட்டியிலும் செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய விரிப்பில் அந்த இழை இருக்க வேண்டும். அது இல்லாததால் இரண்டு உறுப்புகளும் ஒருசேரக் கெட்டன. நோயின் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைகளில் பலர் முதல் சில மாதங்களைத் தாண்டுவதில்லை.

அந்த விரிப்பின் பெயர் அடித்தளச் சவ்வு. கண் எப்படி உருவாகிறது என்று ஆராய்பவர்களின் கவனம் இப்போது அதன் மேல் திரும்பியிருக்கிறது.

சிமென்ட்டா, மேஸ்திரியா?

உடலில் செல்கள் மட்டுமே இருப்பதில்லை. செல்களுக்கு வெளியே புரதங்களால் ஆன ஒரு பின்னலும் உண்டு. செல்களே சுரந்து, தங்களைச் சுற்றி நெய்துகொள்வது அது. அந்தப் பின்னலில் தகடு போல இறுகி அமைந்த பகுதிதான் அடித்தளச் சவ்வு. தோல், குடல், ரத்தக் குழாய், சிறுநீரகம் என்று செல்கள் வரிசை கட்டி நிற்கும் இடங்களிலெல்லாம் அடியில் இது விரிந்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 50 முதல் 100 நானோ மீட்டர். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோ மீட்டர்.

தறியில் பாவும் ஊடும் சேர்வதுபோல இதில் இரண்டு வலைகள் சேர்கின்றன. ஒன்று லாமினின் வலை. மற்றொன்று கொலாஜன் 4 என்ற புரதத்தின் வலை. நிடோஜன், பெர்லக்கான் என்ற வேறு இரண்டு புரதங்கள் இவற்றை முடிச்சுப் போட்டு வைக்கின்றன. செல்களின் மேற்பரப்பில் இன்டெக்ரின் எனப்படும் கொக்கிகள் இருக்கின்றன. இவை விரிப்பைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் சேதி அனுப்புகின்றன: எது மேல், எது கீழ், நகரலாமா, நிற்க வேண்டுமா, பெருகலாமா, கூடாதா.

ஒட்டும் பசை, தாங்கும் தளம், இவ்வளவுதான் இதன் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1979-ல் ரூபர்ட் டிம்ப்பிள், ஜார்ஜ் மார்ட்டின் ஆகியோரின் குழு லாமினினைப் பிரித்தெடுத்த பிறகு நிலைமை மாறியது. அவர்களுக்கு உதவியது ஒரு எலிப் புற்றுக்கட்டி. அடித்தளச் சவ்வுப் பொருளை அளவுக்கு மீறிச் சுரந்து தள்ளும் விசித்திரக் கட்டி அது.

கண் இந்தச் சவ்வுகளின் கண்காட்சி என்றே சொல்லலாம். விழித்திரையின் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, கார்னியாவின் உட்புறத்தில் ஒன்று. உடம்பிலேயே மிகத் தடிமனான அடித்தளச் சவ்வு, லென்ஸைச் சுற்றியுள்ள உறை. கண்புரை ஆபரேஷனில் சர்ஜன் வட்டமாகத் திறப்பது இந்த உறையைத்தான். செயற்கை லென்ஸை உட்கார வைப்பதும் இதற்குள்தான்.

பஸ் நெரிசலில் பிறக்கும் லென்ஸ்

கரு உண்டாகி மூன்று வாரம் முடிந்ததும், மூளையாகப் போகும் பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பள்ளங்கள் தோன்றுகின்றன. நான்காவது வாரத்தில் அவை பலூன்போல் புடைத்துக்கொண்டு வெளித்தோலை நெருங்குகின்றன. நெருங்கிய இடத்தில் தோல் தடிக்கிறது, உள்நோக்கிக் குழிகிறது, பிறகு தனியே கழன்று லென்ஸாகிறது. பலூனும் உட்புறமாக மடிந்து கிண்ணமாகிறது. இந்தக் கிண்ணம்தான் பின்னால் விழித்திரை.

பலூன் இல்லாவிட்டால்? ஜெர்மன் விஞ்ஞானி ஹான்ஸ் ஸ்பீமன் 1901-ல் தவளைக் கருவில் அந்தப் பகுதியைப் பொசுக்கிப் பார்த்தார். லென்ஸ் உருவாகவில்லை. பலூனிலிருந்து தோலுக்குச் செல்லும் ரசாயனச் சமிக்ஞைகள் பின்னாளில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஆனால் தட்டையான தோல் ஏன் தடிக்கிறது என்ற கேள்வி மிச்சமிருந்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டேவிட் பீபியின் குழு 2011-ல் இதற்கு விடை தந்தது. பலூனுக்கும் தோலுக்கும் நடுவே ஃபைப்ரோனெக்டின் உள்ளிட்ட புரதங்களால் ஆன பின்னல் இருக்கிறது. தோல் செல்களை அது அந்த இடத்திலேயே பிடித்து வைக்கிறது. செல்கள் பெருகுகின்றன. ஆனால் பரவ வழியில்லை. ஆள் ஏற ஏற நீளாத டவுன் பஸ்ஸில் பயணிகள் ஒடுங்கி விறைத்து நிற்பதுபோல, செல்கள் பக்கவாட்டில் குறுகி உயரமாக வளர்கின்றன. தோல் தடிக்கிறது. எலிக் கருவில் ஃபைப்ரோனெக்டினை நீக்கியபோது இந்தத் தடிப்பே ஏற்படவில்லை.

கிண்ணத்தின் கதையும் இப்படித்தான். வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடிபோலத் தெளிவானது. முட்டை கருவுற்று ஒரே நாளில் அதில் கண் கிண்ணம் தயாராகிவிடும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டன் குவானின் குழு இதை மைக்ராஸ்கோப்பில் தொடர்ந்து படம் பிடித்தது. செல்கள் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி உள்ளே வந்து சேர்வது தெரிந்தது. லாமினின் ஆல்ஃபா 1 இல்லாத மீன்களில் கிண்ணம் பல விதங்களில் கோணலானதை இக்குழு 2016-ல் வெளியிட்டது. 2020-ல் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. கண்ணைச் சேராத வெளியாட்களான நரம்பு முகட்டுச் செல்கள் அங்கே வந்து, நிடோஜனைக் கொடுத்து, விரிப்பைக் கட்டி முடிக்க உதவுகின்றன. அவை வராவிட்டால் கண் செல்களின் நகர்வு தாறுமாறாகிறது.

விரித்தால் மட்டும் போதாது, சுருட்ட வேண்டிய நேரத்தில் சுருட்டவும் வேண்டும். கண் கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பிளவு உண்டு. ஆறு, ஏழாவது வாரங்களில் அது ஜிப் போல மூடுகிறது. பிளவின் இரு உதடுகளும் சேர வேண்டுமானால் அவற்றைப் போர்த்தியிருக்கும் அடித்தளச் சவ்வு அங்கே கரைந்தாக வேண்டும். பிளவு மூடாமல் நின்றுவிட்டால் குழந்தை கொலோபோமா என்ற குறையோடு பிறக்கிறது. பாப்பா வட்டமாக இராமல் சாவித் துவாரம்போலத் தெரியும். விழித்திரை வரை பிளவு நீண்டால் பார்வையும் போகும்.

விரிப்பின் சக்திக்கு ஜப்பானின் கோபே நகரமும் சாட்சி. அங்கே ரிக்கென் நிறுவனத்தில் யோஷிகி ஸசாயின் குழு 2011-ல் எலியின் கருத் தண்டுச் செல்களை ஒரு ஜெல் கலந்த கரைசலில் வளர்த்தது. அந்த ஜெல், லாமினினைத் தந்த அதே எலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் அடித்தளச் சவ்வுப் பொருள். தாய் வயிறு இல்லை, பக்கத்தில் தோல் இல்லை, லென்ஸ் இல்லை. செல்கள் தாமாகவே பலூனாகி, மடிந்து, கண் கிண்ணமாயின.

ஒரே நெசவு, பல உறுப்புகள்

நெசவில் எந்த இழை அறுந்தது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது. 1927-ல் ஸெஸில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தில் சிறுநீரக நோயும் காது மந்தமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வருவதை விவரித்தார். கொலாஜன் 4 வலையின் ஜீன் ஒன்றில் உள்ள பழுதே காரணம் என்பது 1990-ல் தெரிந்தது. ஆல்போர்ட் நோயாளிகள் சிலருக்கு லென்ஸின் உறை மெலிந்து, லென்ஸ் முன்புறம் கூம்பாகப் புடைக்கிறது. கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பார்வை தெளிவாகாது. சிறுநீரகம், காது, லென்ஸ் உறை மூன்றிலும் விரிந்திருப்பது அதே கொலாஜன்.

கொலாஜன் 18-ல் பழுது என்றால் நோப்ளோக் நோய். கடுமையான கிட்டப்பார்வை, விழித்திரை கழன்றுவிடும் அபாயம். இந்த ஜீனைப் பிரேசில் விஞ்ஞானிகள் 2000-ல் அடையாளம் கண்டார்கள்.

இழைகள் சரியாக இருந்தாலும் முடிச்சு தளர்ந்தால் ஆபத்துதான். கொலாஜன் 4 இழைகளைப் பிணைக்கும் விசேஷமான ரசாயன முடிச்சை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பில்லி ஹட்சனின் குழு 2009-ல் கண்டறிந்தது. முடிச்சைப் போடுவது பெராக்ஸிடாஸின் என்ற என்ஸைம். இதே என்ஸைமின் ஜீன் பழுதாகிக் கண்புரையோடும் வெளுத்த கார்னியாவோடும் குழந்தைகள் பிறப்பது, பாகிஸ்தானில் சொந்தத்துக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்களை ஆராய்ந்தபோது 2011-ல் தெரியவந்தது. 2014-ல் வாண்டர்பில்ட் குழு இன்னொரு ஆச்சரியத்தைச் சொன்னது. முடிச்சு விழத் துளியளவு புரோமின் வேண்டும். உடலுக்கு வேண்டாத பொருள் என்று ஒதுக்கப்பட்டிருந்த புரோமினுக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது.

பனிக்குடத்திலிருந்து கண்ணுக்கு

இந்த அறிவு வைத்தியமாகவும் மாறிவருகிறது. வெற்றிலை, புகையிலையோடு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது வெடித்துக் கண்ணில் தெறிப்பது இந்தியாவில் பழகிப்போன விபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தாமதித்தால் கார்னியாவின் விளிம்பில் உள்ள தண்டுச் செல்கள் வெந்துபோகின்றன. அவை போனால் கார்னியாவைப் புதுப்பிக்க ஆளில்லை. வெள்ளை படர்ந்து பார்வை மறைகிறது.

ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் விரேந்தர் சங்வானும் சகாக்களும் இதற்கு எளிய சிகிச்சை ஒன்றை உருவாக்கி 2012-ல் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லி மீட்டர் சதுரத்துக்குத் திசுவை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்குகிறார்கள். பாதித்த கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வைப் பரப்பி அதில் துணுக்குகளை ஒட்டுகிறார்கள். பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வெளியேறும் இந்தச் சவ்வில் இயற்கையான அடித்தள விரிப்பு இருக்கிறது. காலூன்ற இடம் கிடைத்த செல்கள் அதன் மேல் பரவிக் கார்னியாவை மூடுகின்றன. செல்களை வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதால் செலவும் குறைவு.

பிறவிக் குறைகளுக்கு இப்படி விரிப்பை மாற்றிப் போடும் வழி இன்னும் வரவில்லை. கருவின் இரண்டாவது மாதம் முடிவதற்குள் கண்ணின் அடிப்படை வடிவம் அமைந்துவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் காலமே அதுதான். ஆனால் அடுத்த குழந்தையைப் பற்றி முன்கூட்டியே அறிய வழி உண்டு. பியர்சன் நோயில் தாய், தந்தை இருவருமே நோயில்லாமல் பழுதான ஜீனைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் அதிகம். பழுது எது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே சோதிக்கலாம்.

ஆல்போர்ட் நோயில் நம்பிக்கை இன்னும் அதிகம். ராமிப்ரில் போன்ற, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரைகளைச் சீக்கிரமே தொடங்கினால் சிறுநீரகம் செயலிழப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்று ஐரோப்பிய நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்த குழு 2012-ல் தெரிவித்தது. சீக்கிரம் தொடங்க, சீக்கிரம் சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம் கண் டாக்டருக்கு வரலாம். கூம்பிய லென்ஸோடு வரும் இளைஞனிடம் காது சரியாகக் கேட்கிறதா என்று விசாரித்து, சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பவர், அவனுடைய சிறுநீரகத்துக்குச் சில ஆண்டுகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்.