ஆள் நடமாடாத நிலத்தை மட்டும் அழியுங்கள்

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: "இந்த உலகம் பழசாயிடுச்சு, அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்." என் அக்கா பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் சேர்ந்து விளையாடும் உலகம் என் மடிக்கணினியில்தான் இருக்கிறது. அதைப் பராமரிப்பதும் நான்தான். முழு உலகத்தையும் தூக்கிப்போடத் தேவையே இல்லை என்று அவர்களிடம் அடித்துச் சொல்வேன். பழசாகிப்போன பகுதியை மட்டும் அழித்தால் போதும், ஆட்டமே அந்த இடத்தைத் திரும்ப உருவாக்கிக் கொடுத்துவிடும்.

2011இல் முழு வடிவில் வெளிவந்த இந்த ஆட்டம், 2023க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் வரும் மலையையும் ஆற்றையும் யாரும் உட்கார்ந்து வரைவதில்லை. 'சீட்' என்ற ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, நாம் நடக்க நடக்க ஆட்டமே நிலத்தைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. 16க்கு 16 கட்டைகள் கொண்ட சதுரம் சதுரமாக அது உருவாகும். அந்தச் சதுரத்துக்கு 'சங்க்' என்று பெயர். ஒருமுறை உருவான சங்க் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகிவிடும். அடுத்த தடவை போகும்போது கணக்கு எதுவும் கிடையாது, ஃபைலைத் திறந்து அப்படியே காட்டும். நம் கால் படாத திசையில் நிலம் என்று எதுவும் இன்னும் இல்லை.

சிக்கலும் இங்கேதான். 2020 ஜூனில் வந்த 1.16 பதிப்பு, 'நெதர்' என்ற பாதாள உலகத்தில் புதிய காடுகளைக் கொண்டுவந்தது. அக்காவின் மூத்த பெண் ஆசையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "சித்தி, எல்லாரும் சிவப்புக் காடுன்னு சொல்றாங்க. நம்ம நெதர்ல எந்தப் பக்கம் போனாலும் பழைய பாறைதானே வருது?" அப்பதிப்பு வருவதற்கு முன்பே அவர்கள் அந்தப் பகுதியைச் சுற்றித் தீர்த்திருந்தார்கள். பதிவான நிலம் அப்படியே கிடந்தது. புதிய காடு வேண்டுமென்றால் ஒன்று வெகுதூரம் நடக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பதிவை நீக்க வேண்டும்.

கணினியில் ஓடும் ஜாவா பதிப்பில் இது எளிது. உலகத்தின் ஃபோல்டருக்குள் 'ரீஜியன்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு ஃபைலும் 1,024 சங்க்குகளை, அதாவது 512க்கு 512 கட்டை நிலத்தைச் சுமக்கிறது. எந்த ஃபைல் எந்த இடம் என்று கண்டுபிடிக்க, ஆட்டத்துக்குள் எஃப்3 விசையை அழுத்தி எக்ஸ், இசட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் 512ஆல் வகுத்து, கீழே உள்ள முழு எண்ணை எடுங்கள். எக்ஸ் 1300 என்றால் 2 வரும். இசட் -200 என்றால் 0 அல்ல, -1. மைனஸ் எண்களில் பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த இடத்துக்குரிய ஃபைலின் பெயர் 'ஆர்.2.-1.எம்சிஏ'. அதை நீக்கிவிட்டு மறுபடி அங்கே போனால், அதே சீட் எண்ணை வைத்து, இன்றைய பதிப்பின் விதிப்படி நிலம் புதிதாக எழும்.

'எம்சிஏ செலக்டர்' என்ற இலவச மென்பொருள் இன்னும் நுணுக்கமாக, தனித்தனிச் சங்க்காகவே தேர்ந்தெடுத்து அழிக்க உதவுகிறது. ஒவ்வொரு சங்க்கிலும் ஆட்டக்காரர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை ஆட்டமே எழுதி வைக்கிறது. நொடிக்கு 20 'டிக்' என்பது அதன் கணக்கு. 1,200 டிக்குக்குக் குறைவு என்றால், ஒரு நிமிடம்கூட அங்கே யாரும் இருந்ததில்லை. அத்தனையையும் வடிகட்டி ஒரேயடியாக நீக்கிவிடலாம். அருமையான வசதி.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அழிப்பதற்கு முன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தூரத்துல ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டேன். கடைக்குட்டி தயங்கித் தயங்கிச் சொன்னான்: பனிமலைக்கு அந்தப் பக்கம், செத்துப்போன நாய்க்கு ஒரு சமாதி கட்டியிருக்கிறானாம். போய்ப் பார்த்தேன். நான்கு கற்கள், ஒரு சிவப்புப் பூ, நாயின் பெயர் எழுதிய பலகை. அவசரமாகக் கட்டிவிட்டுத் திரும்பியதால் அந்தச் சங்க்கின் நேரம் ஒரு நிமிடத்தைத் தொடவில்லை. மென்பொருளின் கண்ணுக்கு அது வெறும் நிலம். சீட் எண்ணுக்கு மலை தெரியும், குகை தெரியும். அந்தப் பலகையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மலையை எத்தனை முறை அழித்தாலும் கணினி திரும்பத் தரும். பிள்ளை கையால் வைத்தது போனால் போனதுதான். எதை அழிப்பது என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இது.

'எண்ட்' உலகத்துக்கும் இதே வைத்தியம் பலிக்கும். அங்குள்ள ஒவ்வொரு கப்பலிலும் ஒரே ஒரு 'எலிட்ரா' இறக்கைதான் உண்டு. முதலில் போகிறவர் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு ஏமாற்றம். வெளித்தீவுகளை மட்டும் ரீசெட் செய்தால் கப்பலும் இறக்கையும் திரும்ப வந்துவிடும். டிராகன் இருக்கும் நடுத்தீவைத் தொட வேண்டாம்.

1.17 முதல் விலங்குகள் முதலானவற்றின் பதிவு 'என்டிட்டீஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கிறது. 'பிஓஐ' என்று இன்னொன்றும் உண்டு. நிலத்தின் ஃபைலை நீக்கும்போது இவற்றிலும் அதே பெயருள்ள ஃபைலை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஆடுமாடுகள் புதிய பாறைக்குள் சிக்கிக்கொள்ளும். பழைய நிலமும் புதிய நிலமும் சந்திக்கும் எல்லையில் செங்குத்துச் சுவர்போல வெட்டு விழுவதும் உண்டு. 1.18க்கு முந்தைய நிலம் என்றால் ஆட்டமே ஓரளவு இழைத்துக் கொடுக்கும். கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பு உலகத்தை வேறு முறையில் சேமிக்கிறது. அங்கே இந்த ஃபைல்களைத் தேடாதீர்கள்.

எதைச் செய்வதானாலும் முதலில் ஆட்டத்தை மூடுங்கள். உலகத்தின் ஃபோல்டரை முழுதாக இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு அதில் விளையாடும் ஒவ்வொரு பிள்ளையையும், குறிப்பாகக் கடைசிப் பிள்ளையை, உட்காரவைத்துக் கேளுங்கள். அதன் பிறகு அழியுங்கள்.