வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் வக்கீல் வேண்டும்

“அவர் ஐ.பி. கொடுத்துட்டாராம்”, “மஞ்சக் கடுதாசி வந்திருக்காம்” என்று ஊரில் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும் சேதிக்குப் பின்னால், சட்டத் துறையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று இருக்கிறது. திவால் வழக்கு நடத்தும் வக்கீலின் வேலை அது. கடனில் மூழ்கிய கம்பெனி ஒன்றுதான். ஆனால் வங்கி, சரக்கு கொடுத்தவர், தொழிலாளி, வரித்துறை, முதலாளி என ஆளுக்கொரு வக்கீலோடு வந்து நிற்கிறார்கள். இருக்கும் பணம் எல்லோருக்கும் போதாது. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதுதான் வழக்கே.

சென்னைக்கு இந்தத் தொழிலில் பழைய பெருமை உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு முழுகிப்போனது. பணம் போட்டவர்கள் பக்கம் நின்று வழக்காடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். வழக்கு முடிந்தால் போதும் என்று ஐயர் நினைக்கவில்லை. மக்கள் நம்பிப் பணம் போட ஓர் இடம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது. திவால் வழக்கில் வக்கீலின் பொறுப்பு எதுவரை நீள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்று இந்த வழக்குகள் நடப்பது 2016-ல் வந்த திவால் சட்டத்தின் கீழ். கம்பெனிகளுக்கான வழக்குகளைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அதன் அமர்வு ஒன்று சென்னையிலும் உண்டு. முன்பெல்லாம் நலிந்த கம்பெனியின் கோப்பு டெல்லியில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். முதலாளி நாற்காலியிலேயே இருப்பார். இப்போது மனு ஏற்கப்பட்ட நாளிலேயே இயக்குநர்களின் அதிகாரம் போய்விடும். தீர்ப்பாயம் நியமிக்கும் திவால் தீர்வு நிபுணர் நிர்வாகத்தைக் கையில் எடுப்பார். கம்பெனி மீதான மற்ற வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நின்றுவிடும். அதனால் மனு ஏற்கப்படுமா, தள்ளப்படுமா என்ற முதல் கட்டத்திலேயே பெரிய சண்டை நடக்கிறது.

ஒரு நூல் வியாபாரியை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குக் கடனுக்கு நூல் அனுப்பியிருக்கிறார். ஒன்றேகால் கோடி ரூபாய் வர வேண்டும். வக்கீலிடம் வருகிறார். நல்ல வக்கீல் சட்டப் புத்தகத்தை அப்புறம்தான் திறப்பார். முதலில் பில், டெலிவரி சலான், இமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் கேட்பார். காரணம் இருக்கிறது. சரக்கு கொடுத்தவர் முதலில் நோட்டீஸ் அனுப்பி, 10 நாள் பொறுத்து, அதன் பிறகே மனு போட முடியும். அந்த நோட்டீஸுக்கு முன்பே, “நீங்கள் அனுப்பிய நூலில் கவுண்ட் சரியில்லை, பணத்தைப் பிடித்து வைக்கிறோம்” என்று எதிர்தரப்பு உண்மையான ஒரு தகராறை எழுப்பியிருந்தால் மனு நிற்காது. மொபிலாக்ஸ் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒன்றேகால் கோடி ரூபாயின் கதி ஒரே ஒரு இமெயிலில் தங்கியிருக்கும்.

அதே வியாபாரிக்கு வர வேண்டியது 90 லட்சமாக இருந்தால் அந்தக் கதவே திறக்காது. குறைந்தபட்சக் கடன் தொகை ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் அதை 1 கோடியாக உயர்த்தினார்கள்.

நாள் கணக்கில் தவறினாலும் வழக்கு போய்விடும். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. சென்னை அமர்வில் 2019 டிசம்பர் கடைசியில் வந்த ஓர் உத்தரவை எதிர்த்து, நகல் வரட்டும் என்று காத்திருந்து மேல்முறையீடு செய்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. உத்தரவு சொல்லப்பட்ட நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும், நகல் கேட்டு மனுப் போடுவது கட்சிக்காரரின் கடமை என்று 2021 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது.

மனு ஏற்கப்பட்ட பிறகு அதிகாரம் கடன் கொடுத்தவர்களின் குழுவுக்குப் போகிறது. அதில் ஓட்டு வங்கிகளுக்கும் நிதிக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும்தான். 66 சதவீத ஓட்டு கிடைத்தால் மீட்புத் திட்டம் தேறிவிடும். சரக்கு கொடுத்தவர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதத்தை எட்டினால் அவர்களின் பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது.

ஓட்டில்லாதவருக்கு எவ்வளவு பங்கு என்ற பிரச்சினை எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்சத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனியை வாங்க சுமார் 42,000 கோடி ரூபாயோடு ஆர்சிலர்மிட்டல் நிறுவனம் வந்தது. வங்கிகளுக்கும் சரக்கு கொடுத்தவர்களுக்கும் ஒரே விகிதத்தில் பங்கு என்று 2019 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே தரத்தில் உள்ளவர்களுக்குள்தான் சமத்துவம், பங்கீட்டை முடிவு செய்வது குழுவின் வணிக அறிவு என்றது. அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு முன்னுரிமை இல்லையென்றால் நாளை யார் கடன் கொடுப்பார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுப்பவர் நூல் வியாபாரி.

மீட்புத் திட்டம் அமையாமல் கம்பெனி கலைக்கப்பட்டால் வரிசை இன்னும் கறாரானது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கியும் அடமானக் கடனும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி, அடமானமில்லாத நிதிக் கடன், அரசு பாக்கி. அதற்கும் பிறகுதான் சரக்கு கொடுத்தவர். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணம் மட்டும் இந்த வரிசைக்கு வெளியே தொழிலாளிக்காகப் பாதுகாக்கப்படுகிறது. இதைக் கேட்டுப் பெறவும் வக்கீல் வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைசி ஆளுக்காக வக்கீல் என்னதான் செய்ய முடியும்? தோண்ட முடியும். கம்பெனி மூழ்குவதற்கு முன்னால் சொத்து எங்கே போனது என்று வங்கிக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். மைத்துனர் பெயருக்குப் பாதி விலையில் போன நிலம், சகோதர நிறுவனத்துக்கு மட்டும் அவசரமாக அடைக்கப்பட்ட கடன் போன்றவற்றை ரத்து செய்யச் சட்டத்தில் வழி உண்டு. நெருங்கியவர்களோடு நடந்தது என்றால் 2 ஆண்டு, மற்றவர்களோடு என்றால் 1 ஆண்டு பின்னோக்கிப் போகலாம். அடிமாட்டு விலைக்குப் போன சொத்தை நிபுணர் கண்டுகொள்ளாவிட்டால், கடன் கொடுத்தவரே தீர்ப்பாயத்தை அணுகலாம். அப்படி மீட்கும் ஒவ்வொரு ரூபாயும் பங்கிட வேண்டிய பணத்தைக் கூட்டும்.

சட்டக் கல்லூரியை முடித்து இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். 10 ஆண்டு தொழில் அனுபவம் இருந்தால், தேர்வு எழுதித் தாங்களே திவால் தீர்வு நிபுணராகவும் ஆகலாம். நல்ல வருமானமுள்ள தொழில். வங்கிகளுக்காக வாதாட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நூல் வியாபாரிகளும் லாரிக்காரர்களும் தனித்தனியாக வந்து தனித்தனியாகத் தோற்கிறார்கள். அவர்களின் பாக்கிகளை ஒன்றுசேர்த்து அந்த 10 சதவீதத்தை எட்டவைத்துக் கூட்டத்தில் உட்கார வைக்க, திருப்பூரிலும் கோவையிலும் கரூரிலும் வக்கீல்கள் வேண்டும். அந்த நாற்காலிக்கு ஓட்டும் வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்பதும் அவர்கள் வேலைதான்.