செக் இன்ஜின் லைட்: எரியுதா, மின்னுதா?

"வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் பாத்துக்கலாம்"னு நம்மள்ல பல பேர் அந்த மஞ்சள் லைட்டைக் கண்டுக்கறதே இல்லை. லைட் ஒரே சீரா எரியுது, வண்டி இழுக்கறதுலயும் வித்தியாசம் இல்லைன்னா பதற வேண்டாம். பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியா திருகாததாக்கூட இருக்கலாம். ரெண்டு மூணு நாளுக்குள்ள காட்டிடுங்க.

விட்டு விட்டு மின்னினா கதையே வேற. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலை. அந்த மிச்ச பெட்ரோல், சைலன்ஸருக்குப் போற வழியில இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். சூடு தாங்காம அதோட உள்பாகமே உருகலாம். ஸ்பார்க் பிளக் மாத்துறதோட முடிய வேண்டிய செலவு பல ஆயிரத்துல போய் நிக்கும். ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைச்சுடுங்க.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுத்தா விடாதீங்க, என்ன எரர் கோட் வந்துச்சுன்னு கேளுங்க. பி0301-ன்னா முதல் சிலிண்டர்லதான் கோளாறு.