கட்டங்களில் மலரும் நந்தியாவட்டை

உங்கள் வீட்டுப் பெட்டியில் காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்று இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டு அதை எடுத்து வாருங்கள். சேலையின் உடல் முழுவதும் தெளித்தாற்போல் ஜரிகைப் பூக்கள் இருக்கும் அல்லவா? இவற்றைப் புட்டா என்று நெசவாளர்கள் அழைக்கிறார்கள். ஒரு புட்டாவை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே உற்றுப் பாருங்கள். சற்று முன்வரை பூவாக இருந்தது இப்போது காணாமற் போய்விடும்! வளைந்த இதழ்கள் இருந்த இடத்தில் சின்னஞ்சிறு படிக்கட்டுகள் தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் பூ மீண்டும் வந்துவிடும்.

படிக்கட்டுகள் எப்படிப் பூவாகின்றன? இதற்கு விடை காண ஓர் உண்மையான பூவைப் பறித்துக்கொண்டு தறிவரை போய் வருவோம்.

முற்றத்துப் பூ

காஞ்சிபுரத்தின் தென்பகுதியில், பாலாற்றுக்கு அருகே இருக்கிறது ஓரிக்கை. இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் இங்கும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முற்றத்தில் நந்தியாவட்டைச் செடி நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒற்றை அடுக்கு நந்தியாவட்டையில் ஐந்து வெள்ளை இதழ்கள் இருக்கும். ஒவ்வோர் இதழும் ஒரே பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக் கொண்டிருக்கும். பார்த்தால் ஓலைக் காற்றாடி போல் தோன்றும்.

இந்தப் பூவைப் பட்டில் கொண்டுவர வேண்டும். டிசைன் போடுபவர் பென்சிலை எடுக்குமுன் பூவைச் சற்று நேரம் பார்க்கிறார். எதை எதை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறார். இதழின் மெல்லிய சுருக்கம் வேண்டாம், நிழல் வேண்டாம், காம்பின் வளைவும் வேண்டாம். இவ்வாறு விவரங்களைக் கழித்துக்கொண்டே போய், இன்றியமையாத வடிவத்தை மட்டும் நிறுத்துவதற்கு அரூபமாக்கல் என்று பெயர்.

ஹாலந்து நாட்டு ஓவியர் பியட் மோந்திரியான் இதைத் தம் ஓவியங்களில் படிப்படியாகச் செய்து காட்டினார். முதலில் மரங்களை மரங்களாகவே வரைந்தார். 1912-இல் அவர் தீட்டிய ‘பூத்த ஆப்பிள் மரம்’ என்னும் ஓவியத்தில் பூவும் இல்லை, இலையும் இல்லை; வளைகோடுகள் மட்டுமே மிஞ்சின. எவ்வளவு கழிப்பது என்பதை அவர் தாமே முடிவு செய்தார். தறிக்குப் பூ வரைபவருக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இல்லை. பாதி முடிவுகளைத் தறியே எடுத்துவிடுகிறது!

வட்டம் ஏன் முட்டையாகிறது?

துணி என்பது என்ன? நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களும், குறுக்கே ஓடும் ஊடை நூல்களும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடப்பதே துணி. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டே நிலைகள்தாம் உண்டு. ஊடை மேலே தெரியும், அல்லது கீழே மறையும். ஆகவே டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளைப் பயன்படுத்துகிறார். ஒரு கட்டம், ஒரு சந்திப்பு. ஜரிகை தெரிய வேண்டிய கட்டத்தை நிரப்புகிறார். மற்றதை வெறுமையாக விடுகிறார்.

சாய்ந்த கோடும் வளைந்த கோடும் கட்டங்களுக்குள் வரும்போது படிக்கட்டாகத்தான் வர முடியும். நீங்கள் கண்ட படிக்கட்டுக்குக் காரணம் இதுவே.

இனி ஒரு கணக்கு. ஓர் அங்குலத்தில் 100 பாவு நூல்களும் 80 ஊடை நூல்களும் இருப்பதாகக் கொள்வோம். சதுரக் கட்டத் தாளில் 40 கட்ட அகலமும் 40 கட்ட உயரமும் உள்ள ஒரு வட்டப் பூவை வரைகிறோம். துணியில் அதன் அகலம் 40/100, அதாவது 0.4 அங்குலம். உயரமோ 40/80, அதாவது 0.5 அங்குலம். தாளில் வட்டமாக இருந்த பூ துணியில் முட்டையாகிவிட்டது! வட்டமாகவே வர வேண்டுமானால் உயரத்தில் 32 கட்டங்கள் மட்டுமே இருக்க வேண்டும். அதனால்தான் நெசவுக்கான தாளில் கட்டங்கள் எப்போதும் சதுரமாக இருப்பதில்லை. பாவு, ஊடை ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சற்று நீள்சதுரமாக இருக்கும்.

ஐந்தாவது இதழ் எங்கே?

நம் நந்தியாவட்டைக்கு அடுத்த சோதனை காத்திருக்கிறது. ஒரு சதுரக் கட்டத் தாளை 90 பாகை திருப்புங்கள். கட்டங்கள் பழைய கட்டங்களின் மேலேயே பொருந்தும். ஆகவே ஓர் இதழை வரைந்து, நான்கு முறை திருப்பி வரைந்தால் நான்கு இதழ்ப் பூ பிசகின்றிக் கிடைக்கும். மூலைவிட்டங்களிலும் நான்கு இதழ்களைச் சேர்த்தால் எட்டு இதழ்ப் பூ ஆகும். ஐந்து இதழ்ப் பூவுக்கோ 72 பாகை திருப்ப வேண்டும். 72 பாகையில் கட்டங்கள் பொருந்துவதில்லை. ஓர் ஒழுங்கான ஐங்கோணத்தின் ஐந்து முனைகளையும் சதுரக் கட்டங்களின் மூலைகளில் சரியாக நிறுத்தவே முடியாது என்பது கணிதம் நிறுவிய உண்மை. கட்டங்கள் எவ்வளவு சிறியவையானாலும் இது மாறாது.

ஆகவே ஐந்து இதழ்களையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட வரைய வேண்டும். அல்லது ஐந்தை விட்டு எட்டுக்குப் போக வேண்டும். நெய்த பூக்களில் நான்கும் எட்டும் எளிதாக அமைவதன் இரகசியம் இதுதான்.

துளை போட்ட அட்டை

வரைந்த பூவைத் தறிக்கு எப்படிச் சொல்வது? முற்காலத்தில் காஞ்சிபுரத்தில் ‘அடை’ என்ற முறை இருந்தது. தூக்க வேண்டிய பாவு நூல்களை வரிசை வரிசையாகக் கயிறுகளில் கட்டி வைத்து, அவற்றை இழுத்துப் பூவை நெய்தார்கள். பின்னர் ஜக்கார்டுப் பெட்டி வந்தது. பிரான்சு நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய கருவி இது. தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி மேலே எழும். அதோடு பாவு நூலும் எழும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே இருக்கும். நம் பூவின் 32 வரிசைகளுக்கு 32 அட்டைகள்.

‘துளை உண்டு, துளை இல்லை’ என்ற இந்த இரண்டு சொல் மொழியைத்தான் 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்காக எடுத்துக்கொண்டார். இன்றையக் கணிப்பொறியின் ஒரு முன்னோர் தறி மேடையில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம்.

காஞ்சித் தறிகளில் 120 அல்லது 240 கொக்கிகள் உள்ள பெட்டிகள் பழக்கத்தில் உண்டு. கொக்கிகள் குறைவு, ஆகவே சிக்கனம் தேவை. பூவின் இடப்பாதியை வரைந்து, அதையே கண்ணாடிப் பிம்பம் போல வலப்புறம் திருப்பிப் போட்டால் கொக்கிகளில் பாதி போதும். மேற்பாதி முடிந்ததும் அட்டைச் சங்கிலியைப் பின்னோக்கி ஓட்டினால் அட்டைகளிலும் பாதி போதும். 1280 கட்டங்களுள்ள பூவுக்கு 320 கட்டங்களை வரைந்தாலே வேலை முடிந்தது!

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நந்தியாவட்டையின் இதழ்கள் ஒரே பக்கமாக முறுக்கியவை என்று பார்த்தோம். கண்ணாடியில் பார்த்தால் வலது முறுக்கு இடது முறுக்காகத் தெரியும். பாதிப் பூவோடு அதன் பிம்பத்தைச் சேர்த்தால் ஒரு முறுக்கு மற்றொன்றை அழித்துவிடும். காற்றாடி நின்றுவிடும்! முறுக்கு வேண்டும் என்றால் முழுப் பூவையும் வரைந்தாக வேண்டும். டிசைன் போடுபவரின் உண்மையான சோதனை இங்கேதான்.

பட்டும் உலோகமும்

ஓவியர் காகிதத்தில் மையும் வண்ணக் கட்டியும் கலந்து வரைந்தால் அதைக் கலவை ஊடக ஓவியம் என்கிறோம். நம் பூவும் அத்தகையதே. இதில் பட்டு ஓர் ஊடகம். உலோகம் மற்றோர் ஊடகம்.

பட்டுப்புழுவின் இழையை செரிசின் என்ற பசை மூடியிருக்கிறது. சோப்பு நீரில் கொதிக்க வைத்து இதை நீக்குகிறார்கள். இழையின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சும் இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போன்றது. அதன் தட்டையான பக்கங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பட்டு மின்னுகிறது. பாவை நீலத்திலும் ஊடையைப் பச்சையிலும் வைத்தால், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப இரண்டும் மாறி மாறித் தெரியும். மயில்கழுத்து நிறம் என்பது இதுதான்.

ஜரிகையின் நடுவில் இருப்பது பட்டு நூல். அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டு, அதற்கும் மேல் பொன்முலாம் பூசப்படுகிறது. காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கிய ஜரிகை ஆலை இத்தகைய ஜரிகைக்காகவே ஏற்பட்டது. ஜரிகையின் எடையில் தங்கம் நூற்றில் ஒரு பங்கும் இராது. ஆயினும் அந்த மெல்லிய பூச்சுதான் மஞ்சள் ஒளியைத் தருகிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கருத்துப் போவதையும் அதுவே தடுக்கிறது.

உலோகம் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போடுகிறது. அகலமான இதழை முழுவதும் ஜரிகையால் நிரப்பினால் என்ன ஆகும்? ஜரிகை பல பாவு நூல்களின் மேல் கட்டில்லாமல் கிடக்கும். வளையல் மாட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். எனவே சில நூல்களுக்கு ஒருமுறை ஒரு பாவு நூல் ஜரிகையின் மேலேறி அதைப் பிடித்தாக வேண்டும். அந்த இடத்தில் ஜரிகைக்கு நடுவே பட்டின் புள்ளி தெரியும். தேர்ந்த கை இந்தப் புள்ளிகளை வரிசையாக அமைத்து இதழின் நரம்புகளாக்கிவிடும். துணியின் உறுதிக்காக வந்த புள்ளியே பூவின் அழகாகிவிட்டது!

சுற்றியுள்ள பட்டின் நிறமும் பூவை மாற்றும். பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலார் செவ்ரூல் இதை ஆராய்ந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகார் வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை என்று கண்டார். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றியிருந்தது! 1839-இல் அவர் வெளியிட்ட நூலைப் பின்னர் ஓவியர்களும் படித்துப் பயன்பெற்றார்கள். அரக்குப் பட்டில் ஒருவிதமாகவும் பச்சைப் பட்டில் வேறுவிதமாகவும் அதே ஜரிகை தோன்றுவதை நீங்களே பார்க்கலாம்.

தூரிகையும் தறியும்

நம் நாட்டிலும் ஓவியருக்கும் தறிக்கும் உறவு உண்டு. நெசவாளர்களுக்குப் புதிய வடிவங்களைத் தருவதற்காக 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. காஞ்சிபுரத்திலும் ஒரு மையம் இருக்கிறது. பல ஓவியர்கள் இம்மையங்களில் பணியாற்றினார்கள். வங்காள ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். மைக்கோடுகளையும் பாஸ்டல் வண்ணத்தையும் ஒரே படத்தில் சேர்த்து வரைவதில் பெயர் பெற்றவர் அவர்.

இப்போது கணிப்பொறியிலேயே பூ வரைகிறார்கள். மின்னணு ஜக்கார்டுக்கு அட்டைகள் வேண்டியதில்லை. நந்தியாவட்டையின் புகைப்படத்தை ஒரு நொடியில் 1280 கட்டங்களாக்க முடியும். ஆனால் அப்படிக் கிடைக்கும் படம் பெரும்பாலும் கறை போலத்தான் இருக்கும். எந்தக் கட்டத்தை நிரப்பினால் இதழின் நுனி கூராகும், எதை விட்டால் முறுக்கு தெரியும் என்று பார்த்து ஒருவர் திருத்த வேண்டும். திருத்தத்தில் ஒரு கட்டம் தவறினால், ஆயிரம் புட்டா உள்ள சேலையில் ஆயிரம் பூக்களும் தவறும். நெசவாளரின் பத்து, இருபது நாள் உழைப்பு அந்த ஒரு கட்டத்தை நம்பியிருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு நந்தியாவட்டையைப் பறித்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தாளில் 20 கட்ட அகலம், 20 கட்ட உயரம் உள்ள சதுரத்தைக் குறியுங்கள். கட்டங்களை முழுமையாக நிரப்பலாம், அல்லது வெறுமையாக விடலாம். பாதிக் கட்டம் கூடாது. எந்த வரிசையிலும் ஐந்து கட்டங்களுக்கு மேல் தொடர்ந்து நிரப்பவும் கூடாது. முதல் படத்தில் பாதியை வரைந்து பிம்பமாகத் திருப்புங்கள். இரண்டாம் படத்தில் முழுப் பூவையும் வரையுங்கள்.

பிறகு இரண்டு கட்டமைப்புகளையும் வெள்ளைத் தாளில் மெழுகு வண்ணக் கட்டியால் அழுத்தி வரைந்து, மேலே நீர்வண்ணத்தைப் பூசுங்கள். மெழுகு நீரை ஏற்காது. ஆகவே பூவின் மீது சாயம் தங்காமல் பின்னணியில் மட்டும் பரவும். இரண்டு ஊடகங்கள் தங்கள் எல்லையைத் தாங்களே வகுத்துக்கொள்வதைக் காண்பீர்கள்.

படங்களைச் சுவரில் ஒட்டிப் பத்து அடி தள்ளி நின்று, எது நந்தியாவட்டை என்று ஒரு நண்பரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் வருந்த வேண்டாம். எந்த ஒரு கட்டத்தை மாற்றினால் அவர் கண்டுகொள்வார் என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடித்த அன்று, சேலையில் உள்ள பூவை வரைந்தவர் எவ்வளவு யோசித்திருப்பார் என்பது உங்களுக்கே விளங்கும்.