பண்ணை வேலைக்கு நாற்சக்கர மோட்டார் வண்டி: எளிய யந்திரமே உசிதம்

ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய தேசங்களின் பெரும் பண்ணைகளில், முற்காலத்தில் குதிரையின் மீதேறிச் செய்துவந்த வேலைகள் பலவும் இப்பொழுது ஏ.டி.வி. அல்லது குவாட் பைக் என்று வழங்கும் சிறிய நாற்சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டே செய்யப்படுகின்றன. ஆட்டு மந்தையை ஓட்டுதல், வேலிகளைப் பார்வையிடுதல், தீவனம் கொண்டுசெல்லுதல், களைகளுக்கு மருந்து தெளித்தல் ஆகியவை இதன் முக்கிய உபயோகங்களாம். 1970-ஆம் வருஷத்தில் ஹோண்டா கம்பெனியார் மூன்று சக்கர வண்டியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நான்கு சக்கர வண்டியை 1982-இல் சுஸுகி கம்பெனியார் வெளியிட்டனர். இதன் டயர்கள் அகன்றவை; அவற்றில் காற்றின் அழுத்தம் மிகக் குறைவு. ஆகையால் ஈரநிலத்திலும் அதிகமாகப் புதையாமல் செல்லும்.

இவ்வண்டியை வாங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, காலால் கியர் மாற்றும் வண்டியா அல்லது கியர் தானே மாறும் வண்டியா என்பதேயாம்.

காலால் மாற்றும் வகை

இவ்வகையிற் பலவற்றில் கைப்பிடிக் கிளட்ச் இல்லை. எஞ்சினின் வேகம் கூடியவுடன் கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும். ஓட்டுபவன் காலால் கியரை மாற்றினாற் போதும். கியர்ச் சக்கரங்களும் கிளட்சும் எண்ணெயில் தோய்ந்து ஓடுவதால் தேய்வு சொற்பமே. ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 250 வண்டியை இதற்கு உதாரணமாகக் கூறலாம். அதன் எஞ்சின் 229 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது. காற்றினாலேயே குளிர்வதால் சேறு அடைக்கக்கூடிய ரேடியேட்டர் இல்லை. பின்சக்கரங்களுக்குச் சங்கிலிக்குப் பதிலாக, மூடிய உறைக்குள் சுழலும் தண்டின் வழியாக விசை செல்கிறது; சங்கிலியை அடிக்கடி இறுக்கும் வேலையும் இல்லை.

தானே மாறும் வகை

இவற்றிற் பெரும்பாலானவை இரண்டு கப்பிகளையும் ஒரு ரப்பர் பெல்ட்டையும் கொண்டு இயங்குவன. எஞ்சினின் வேகம் கூடுந்தோறும் முன்கப்பியின் இரு பக்கங்களும் நெருங்கிப் பெல்ட்டை வெளிப்புறமாகத் தள்ளும்; அதனால் கியர் விகிதம் படிப்படியாக மாறும். போலாரிஸ் கம்பெனியார் 1985 முதலே இம்முறையைக் கையாண்டு வருகின்றனர். நின்று நின்று செல்லும் மருந்து தெளிப்புக்கும், கால் ஊனமுற்றவர்க்கும், கியர் மாற்றிப் பழக்கமில்லாதார்க்கும் இது மிகவும் சௌகரியமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ரப்பர் தேய்வது இயற்கை. பெல்ட் உள்ள உறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். அதிக பாரத்தை உயர்ந்த விகிதத்தில் வைத்து மெல்ல இழுத்தால் சூடேறிக் கருகும். பட்டறை பக்கத்தில் இருந்தால் இஃது அற்ப விஷயம். ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், பட்டறைக்கு வெகு தூரத்திலுள்ள பண்ணையில் வண்டி நின்றுவிட்டாலோ, அன்றைய வேலை முழுவதும் நின்றுபோகும். கவனிப்பாரற்ற குட்டிகளும் சேதமாகலாம். பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் வண்டிகளுக்கு பாட்டரியின் உதவி தேவை. பாட்டரி சோர்ந்தால் கியரும் மாறாது.

ஆதலால் பட்டறை தூரத்திலுள்ளோரும், பலர் கையில் ஒரே வண்டியை விடுவோரும் எளிய வகையை வாங்குவதே உசிதம். ஆனால் செங்குத்தான ஈரச்சரிவுகளில் வேலை செய்வோர், கியர் எவ்வகையாயினும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியையே நாட வேண்டும்.

பராமரிப்பு

1. நாள்தோறும் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என அறிந்து, நீர் புகுந்த வழியை அடைத்து, எண்ணெயை மாற்றுக.

2. புழுதியில் ஓடிய வண்டியின் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்க. இதை அசட்டை செய்தால் எஞ்சின் சீக்கிரம் தேயும்.

3. டயரின் காற்றைக் குறைந்த அழுத்தத்துக்குரிய அளவுகருவி கொண்டே பார்க்க. ஒரு பக்கம் குறைந்தாலும் வண்டி சாயும்.

எச்சரிக்கை

எளிய வண்டியும் கவிழும். பாதி நிரம்பிய மருந்துத் தொட்டியின் நீர் வளைவிலும் சரிவிலும் ஒரு பக்கமாக ஓடி, வண்டியைப் புரட்டிவிடக்கூடும். கவிழ்ந்த வண்டியின் அடியிற் சிக்கி மாண்டோர் பலர். இதனால் ஆஸ்திரேலிய அரசாங்கம், 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் புதிய பொது உபயோக வண்டிகளில், கவிழும்போது ஓட்டுபவனைக் காக்கும் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்க வேண்டுமென விதித்தது. பல கம்பெனிகள் அந்நாட்டில் இவ்வண்டிகளின் விற்பனையை நிறுத்தியபோதிலும் அரசாங்கம் அவ்விதியைத் தளர்த்தவில்லை. தலைக்கவசம் அணிதலும், ஒருவர்க்கென அமைந்த வண்டியில் இருவர் ஏறாதிருத்தலும், பெரியோர்க்கான வண்டியைச் சிறுவரிடம் கொடாதிருத்தலும் தவறாது அனுசரிக்கத்தக்கவை.

எந்த யந்திரத்தை வாங்கினும், அதன் கிரயத்தோடு பழுது பார்ப்பவன் இருக்கும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே விவேகமுள்ள பண்ணையாளர்க்கு அழகாகும்.