புதியதை ஏற்றுமுன் பழையதைப் படியெடு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. இதை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடிப்பவர்கள் நம் பக்கத்து உழவர்கள். வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டை பயிரிடும் ஒருவரிடம் யாரோ வந்து, "இது புது ரகம், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்" என்று ஒரு விதையை நீட்டினால் அவர் என்ன செய்வார்? வீட்டிலுள்ள விதைக்காய் முழுவதையும் விற்றுவிட்டு அதை வாங்குவாரா? மாட்டார். பழைய விதையில் வேண்டியதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டுதான் புதியதைச் சோதித்துப் பார்ப்பார். புதியது பொய்த்தாலும் அடுத்த பட்டத்துக்கு விதை இருக்கும்.

இந்த முன்யோசனை கணிப்பொறிக்கும் வேண்டும். ஆனால் புது மென்பொருள் ஒன்று கிடைத்தவுடன், அது யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று பாராமல் ஏற்றிவிடுவோர் பலர். அதற்கு முன் செய்ய வேண்டியது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வீடு தேடி வந்த மடிக்கணினி

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு அதனால் கணிப்பொறி வந்தது. அவற்றில் விண்டோஸும், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அக்காள் வாங்கிய பொறியில் இன்று தங்கை படிக்கும் வீடுகள் உண்டு.

ஆனால் பொறிக்கும் வயதாகும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான உதவி 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. இத்தகைய பழைய பொறிகளில் ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும், படம் பார்க்கும் மென்பொருள் வேண்டும் என்று தெரியாத இடங்களிலிருந்து இறக்கி ஏற்றும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

அமைப்புகள் என்பவை எவை?

கணிப்பொறியில் நாம் வைத்திருப்பவை இரண்டு வகை. ஒன்று, நம் கோப்புகள்: பாடக் குறிப்புகள், புகைப்படங்கள், மதிப்பெண் பட்டியலின் நகல், அப்பாவின் பட்டா நகல் முதலியன. மற்றொன்று, பொறி எப்படி நடக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கும் குறிப்புகள். தொடங்கும்போது எந்த மென்பொருள் தானே எழ வேண்டும், இணையம் எவ்வழியே இணைய வேண்டும், அச்சுப்பொறி எது, தமிழ்99 விசைப்பலகையா வேறொன்றா என்பன போன்றவை. இவற்றையே அமைப்புகள் என்கிறோம்.

விண்டோஸில் இவற்றுள் பெரும்பாலானவை 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பெரிய பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளன. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் மாறிக் கிடந்தால் வகுப்பு எப்படி நடக்கும்? ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி தவறினால் பொறியின் நிலையும் அதுவே. புது மென்பொருள் ஏறும்போது இப்பதிவேட்டில் தன் வரிகளை எழுதுகிறது. சில சமயம் பழைய வரிகளை மாற்றியும் விடுகிறது. அந்த மென்பொருளை நீக்கினாலும் அது மாற்றிய வரிகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே ஏற்றுவதற்கு முன்பே படியெடுத்து வைக்க வேண்டும். கெட்ட பின் எடுக்கும் படி, கேட்டையும் சேர்த்தே படியெடுக்கும்.

படியெடுக்கும் முறை

1. முதலில் உங்கள் கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளிப்புற வட்டிலோ நகலெடுங்கள். பின்வரும் முறைகள் அமைப்புகளைக் காப்பவை. உங்கள் புகைப்படங்களையும் பாடங்களையும் காப்பவை அல்ல.

2. விண்டோஸில் 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்றொரு வசதி 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் மில்லேனியம் முதல் உண்டு. தேடும் பெட்டியில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சாளரம் திறக்கும். அதில் சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்றிருந்தால், 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்திப் பாதுகாப்பை இயக்குங்கள். பல பொறிகளில் இது அணைந்தே கிடக்கும்.

3. பின் 'கிரியேட்' பொத்தானை அழுத்தி, 'எழுத்துரு ஏற்றுமுன்' என்பது போல விளங்கும் பெயர் கொடுங்கள். சில நிமிடங்களில் மீட்புப் புள்ளி தயார்.

4. கூடுதல் காவலாக, 'ரெஜெடிட்' என்ற கருவியைத் திறந்து, 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' என்பதைத் தேர்ந்து, 'ஆல்' எனக் குறித்துப் பதிவேட்டைச் சேமிக்கலாம். இப்படியைத் திரும்ப ஏற்றினால் மாறிய வரிகள் பழையபடி ஆகும். ஆனால் புதிதாகச் சேர்ந்த வரிகள் நீங்கமாட்டா. ஆகவே இதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. இக்கருவியில் வேறு எதையும் தொடவும் வேண்டாம்.

5. இணைய இணைப்பு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றின் அமைப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மின்சாரம் இல்லாதபோதும் படிக்கக்கூடிய படி இது ஒன்றே!

பாஸ் போன்ற லினக்ஸ் முறைகளில் அமைப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே உள்ளன. பொறி முழுமைக்கும் உரியவை 'இடிசி' என்னும் கோப்புறையில் இருக்கும். உங்களுக்கு மட்டும் உரியவை உங்கள் சொந்தக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும். இவ்விரண்டையும் நகலெடுத்தால் அமைப்புகளில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

பொறி தொடங்கவே மறுத்தால் அஞ்ச வேண்டாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இரண்டு மூன்று முறை தொடங்க முயன்று தோற்றதும் பழுதுநீக்கும் திரை பெரும்பாலும் தானே தோன்றும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்று வரிசையாகத் தேர்ந்து, நீங்கள் பெயரிட்டு வைத்த புள்ளிக்குத் திரும்பலாம்.

படி எங்கே இருக்க வேண்டும்?

விதைக்காயை வயலிலேயே குவித்து வைப்பாருண்டோ? 2017 மே 12 அன்று 'வன்னாக்ரை' என்னும் தீய மென்பொருள் பரவத் தொடங்கி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கிற்று. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட அது, பொறிக்குள்ளேயே விண்டோஸ் வைத்திருந்த மீட்புப் படிகளையும் அழித்தது. திருடன் வீட்டுக்குள் நுழைந்ததும் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்தது போல!

நமக்கு அண்மையில் நடந்த மற்றொன்று. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கணிப்பொறி அமைப்பு இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. இணைப்பில் இருந்த காப்புப் படியும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த படி இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு அலுவலக மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஓர் அரசுக்கே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பொறிக்குச் சொல்லவா வேண்டும்? ஆகவே படியெடுத்து முடித்ததும் பென் டிரைவைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதைச் செருகியபடியே புது மென்பொருளை ஏற்றாதீர்கள்.

"நல்ல நிறுவனத்தின் மென்பொருள்தானே, இதற்கும் இவ்வளவு வேண்டுமா?" எனச் சிலர் கேட்கலாம். 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு நிறுவனமே அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. தீய எண்ணம் சிறிதும் இல்லாத தவறு அது. நம்பகமானவர் தந்ததே இவ்வாறு முடக்குமென்றால், பெயர் தெரியாதவர் தந்ததைப் பற்றி என்ன சொல்வது?

படி இருந்தாலும் எச்சரிக்கை

மீட்புப் புள்ளி இருக்கிறது என்ற துணிவில் கண்டதையெல்லாம் ஏற்றுவதும் அறிவுடைமை ஆகாது. அமைப்புகளைத் திரும்பப் பெறலாம். திருடுபோன கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாது. தீய மென்பொருள் ஏறிவிட்டதெனச் சந்தேகம் எழுந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு பொறியிலிருந்து கடவுச்சொற்களை உடனே மாற்றுங்கள். வங்கிக் கணக்கு அதில் திறக்கப்பட்டிருந்தால் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மென்பொருளை அதைச் செய்தவரின் சொந்த இடத்திலிருந்தே இறக்குங்கள். 'கிராக்' என்ற பெயரில் வரும் திருட்டுப் படிகளைத் தொடாதிருங்கள். பிறர் உழைப்பைத் திருடுவதோடு, நம் வீட்டுக் கதவையும் திறந்துவிடுவது அது.

மாணவியரே! கல்லூரி விண்ணப்பமும் உதவித்தொகைப் படிவமும் இன்று கணிப்பொறி வழியே செல்கின்றன. கடைசி நாளன்று பொறி படுத்துவிட்டால் இழப்பது ஒரு பொறியை மட்டுமன்று. ஓர் ஆண்டையே இழக்க நேரலாம். படியெடுக்கப் பெரும் பணமோ பெரும் படிப்போ தேவையில்லை. சற்று நேரமும் ஒரு பென் டிரைவும் போதும். இதை நீங்கள் பழகிக்கொள்வதோடு, வீட்டில் தம்பி தங்கையருக்கும் கற்றுக்கொடுங்கள். பெற்றோரும் பிள்ளைகளிடம், "புதிதாக ஏதோ ஏற்றுகிறாயே, பழையதை எடுத்து வைத்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நலம்.